ஒன்றையொன்று பிடித்துக்கொண்டவை

பஸ்ஸில் யாராவது என் வேலையைக் கேட்டால் ‘லேப்பில்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேலும் துருவினால், ரத்தம், மூத்திரம், சளி என்று அடுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க விந்துப் பரிசோதனை என் மேஜையில்தான் நடந்தது. இந்த வட்டாரத்து ஆண்களில் ஒரு கூட்டமே என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடும். ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர், இலையில் சோறு விழுந்த பிறகு என்னை அடையாளம் கண்டு, எழுந்து அடுத்த வரிசைக்குப் போனார். எனக்கு அவர் முகமே நினைவில்லை. நான் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்திருப்பேனே தவிர, அவரையா பார்த்தேன்?

இப்போது எங்கள் லேப்புக்குப் புதுப் பிள்ளைகளாக நீங்கள் கோட் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு மெஷின் இருக்கிறது. ஸ்லைடை உள்ளே தள்ளினால் எத்தனை இருக்கிறது, எத்தனை ஓடுகிறது என்று அதுவே சொல்லிவிடும். நல்லதுதான், கண் பிழைக்கும். ஆனால் ஓடுகிறதா, நின்ற இடத்திலேயே துடிக்கிறதா என்பதை நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன். வரும்போது பயமுறுத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அது நடக்காது என்று தோன்றுகிறது.

முதலில் எங்கள் ஊர் ஆம்பிளைகளின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் லேப்பில் வைத்து சாம்பிள் தர மாட்டார்கள். அதிலும் உள்ளே இருப்பது பொம்பளை என்றால், வாசலோடு திரும்பிவிடுவார்கள். வீட்டில் எடுத்து, டவுன் பஸ்ஸில் கொண்டுவருவார்கள். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், கெட்டுப்போகக் கூடாது என்று ஈரத்துணி சுற்றி, ஐஸ் போட்ட தூக்குவாளியில் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளே எல்லாம் விறைத்துக் கிடந்தன. இன்னொருவர் சூடு ஆறக் கூடாது என்று டீ பிளாஸ்க்கில் வைத்துக் கொண்டுவந்தார். அந்தக் கதையை விடுங்கள்.

இதனால் எங்கள் லேப்பில் ஒரு பேச்சு வழக்கமாகிப்போனது. ஸ்லைடில் எது ஒழுங்கில்லாமல் தெரிந்தாலும் ‘பஸ்ஸில் வந்தது’ என்போம். செத்துக் கிடந்தாலும் பஸ், கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தாலும் பஸ். முக்கால்வாசி நேரம் அது உண்மையும்கூட. செத்தது செத்ததோடு ஒட்டும். சளியோடும் அழுக்கோடும் ஒட்டும். அதைப் பஸ் மேல் போட்டால் பாவமில்லை. உயிரோடு இருப்பது இன்னொரு உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றால், அதைப் பஸ் மேல் போடக் கூடாது.

அது ஒரு ஆடி மாதம். காலையிலிருந்து காற்று ஓயவில்லை. கரிசல் தூசி ஜன்னல் கம்பியெல்லாம் கறுப்பாகப் படிந்திருந்தது. கரண்ட் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான் ஓடும், அங்கே எங்கள் டாக்டரம்மா ஒரு பிரசவத்தில் இருந்தார். வெளியே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மனிதரின் பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். வேலுச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுகுமலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பக்கத்தில் அவருடைய அம்மா. பெஞ்சின் கடைசியில் அவர் மனைவி செல்வி. செல்வியின் மடியில் ஒரு ரெக்ஸின் பை இருந்தது. தரையில் வைக்க இடமிருந்தும் வைக்கவில்லை. இப்போதே பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டவளைப் போல இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

வேலுச்சாமி சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் நீட்டினார். அவர் கையை முந்திக்கொண்டு அம்மாவின் குரல் வந்தது.

“நர்ஸம்மா, ஒரே ஒரு சொல்லு சொல்லிரு. எம் மவன்ட்ட குறை இருக்கா, இல்லையா? ஏற்கனவே ஒரு எடத்துல பாத்து எல்லாம் நார்மல்னுட்டாவ. இன்னொருக்க பாக்கணும்னு உங்க டாக்டரம்மாதான் சொன்னாவ. நீயும் இல்லைன்னு சொல்லிட்டா, இவள எட்டயபுரத்து பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு நாங்க ஊருக்குப் போயிருவோம். ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புதோம்.”

“தலை ஆடி முடிஞ்சு எத்தனையோ வருசமாச்சு அத்தை,” என்றாள் செல்வி, பையைப் பார்த்தபடி.

கல்யாணமான முதல் வருஷம்தான் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ஊர் வாயை அடைக்க ஆடி என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஆவணி பிறந்தாலும் கூப்பிடப் போகாமல் இருந்துவிடுவது ஒரு தந்திரம். அது அந்த மாமியாருக்குத் தெரியும், செல்விக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேலுச்சாமிக்கும் தெரியும், அவர்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாரே.

உள்ளே போனேன். கரண்ட் இல்லாததால், அடியில் கண்ணாடி வைத்த பழைய மைக்ரோஸ்கோப்பை எடுத்து ஜன்னலோரம் வைத்து, வெயிலைத் திருப்பி ஸ்லைடில் விழ வைத்தேன்.

எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. திருவிழாக் கூட்டம். ஆனால் யாரும் எங்கும் போகவில்லை. தலையோடு தலை ஒட்டி, வால்களெல்லாம் வெளியே அடித்துக்கொள்ள, ஒரு கொத்து ஒரே பூச்சியைப் போல நின்ற இடத்தில் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு, வாலோடு வால் கோத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் இழுத்து, எந்தத் திசையிலும் நகராமல் துடித்தன. தனியாக வந்த ஒன்று அந்தக் கொத்தின் ஓரத்தில் பட்டது. அவ்வளவுதான், அதுவும் அங்கேயே நின்றுவிட்டது. தூசிக் காற்று வெயிலை மறைக்கும்போதெல்லாம் எல்லாம் இருட்டாகி, மறுபடி வெளிச்சம் வரும்போது கொத்து இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு துடிப்புக்கு எங்கிருந்தாவது ஒரு சத்தம் வர வேண்டும் என்று காது காத்துக்கொண்டிருந்தது.

எங்கள் லேப் இன்சார்ஜ் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பசி நேரம். ஒரு கண்ணை வைத்து எடுத்தார்.

“பஸ்ல வந்ததும்மா. கழுகுமலை ரோட்டுல குலுங்குத குலுக்குக்குக் கல்லும் கல்லுமே ஒட்டிக்கிடும். கவுண்ட் இருக்குல்லா? நார்மல்னு எழுதி அனுப்பு. வெளிய அந்தக் கெழவி உசுர எடுக்கா.”

அவர் கெட்டவர் இல்லை. நார்மல் என்று எழுதினால் எல்லோருக்கும் சந்தோஷம் என்று நம்புகிறவர். பெஞ்சின் கடைசியில் பையோடு உட்கார்ந்திருந்தவளை அவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அவர் சாப்பிடப் போனார், நான் எழுதவில்லை. வெளியே போய் வேலுச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கேயே புதிதாக ஒரு சாம்பிள் வேண்டும் என்றேன்.

“இங்கனயா? நீங்க இருக்கையிலயா? முடியாது மேடம்.”

“நான் இருக்க மாட்டேன். எதித்தாப்புல டீக்கடையில நிக்கேன். முடிச்சுட்டு ஜன்னல்ல வச்சுட்டுப் போயிருங்க. உங்க மூஞ்சிய நான் பாக்கவே மாட்டேன், போதுமா?”

சொன்னபடியே தெருவைக் கடந்து டீக்கடைக்குப் போனேன். அவருடைய அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டார். காற்று அவர் சேலைத்தலைப்பைப் பறிக்க, அதைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசினார்.

“நீ எதுக்கு மெனக்கெடுத நர்ஸம்மா? கோடாங்கி போன செவ்வாக்கிழமையே சொல்லிட்டாரு.”

கோடாங்கி என்றால் உடுக்கையடித்துக் குறி சொல்கிறவர். எங்களுக்கு முன்னாலேயே ரிப்போர்ட் கொடுத்துவிடுகிற ஆள் என்று லேப்பில் கேலி பேசுவோம். நானும் கேலியாகத்தான் கேட்டேன், என்ன சொன்னாராம் என்று.

“எங்க குலத்துக் காவச்சாமி வாசல மறிச்சு நிக்காராம். உள்ள இருந்து வாரது எங்க வீட்டுப் பிள்ளைகதான், ஆனா அவருக்கு அடையாளம் தெரியலையாம். களவாணிப் பயலுவன்னு நெனச்சு ஒண்ணொண்ணாப் பிடிச்சு நிறுத்துதாராம். ‘பிள்ளைக சாகல, வாசல்லயே நின்னு துடிக்கு’ன்னாரு. எங்கயோ வேலி உடைஞ்சிருக்குன்னும் சொன்னாரு. இவ வந்த பொறவுதான உடைஞ்சிருக்கணும்?”

கொதிக்கிற டீ கையில் இருந்தது. என் கைமுடி எல்லாம் எழுந்து நின்றது. அந்த ஸ்லைடை அந்தக் கோடாங்கி பார்த்திருக்க முடியாது. அதை நானே அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

படித்த பிள்ளைகள் நீங்கள், உங்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை கேளுங்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தி, எது தன்னுடையது, எது அந்நியம் என்பதைச் சின்னப் பிராயத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறது. விந்தணு உருவாவது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, மீசை அரும்பும் வயதில். அதற்குள் பாடம் முடிந்துவிட்டது. அதனால் உடம்பு விந்தணுவை ஒரு தடுப்புக்குப் பின்னால், தன் காவலர்களின் கண்ணில் படாமல் ஒளித்து வளர்க்கிறது. அடிபட்டோ, ஆபரேஷனாலோ, வேறு ஏதாவது நோயாலோ அந்தத் தடுப்பு உடைந்தால், இரண்டும் முதல் தடவையாக ஒன்றையொன்று பார்க்கின்றன. காவலுக்கு அது தன் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. ஆன்டிபாடி என்கிற பிசின் போன்ற ஒன்றை அதன் மேல் பூசிவிடுகிறது. பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

கோடாங்கி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்த டீக்கடையில் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்காது. அப்புறம்தான் பிடிபட்டது. அவர் சொன்னதில் தப்பில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் ஒரு ஆளைப் பிடித்தார்களே, அதுதான் தப்பு.

ஜன்னலில் டப்பா இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. இந்தத் தடவை பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. கெட்டி இளகிப் பதம் வந்ததும் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். முதலில் ஓடின. நன்றாகவே ஓடின. அட, பஸ்தான் போலிருக்கிறது என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. ஒன்று இன்னொன்றின் தலையைத் தொட்டது, தொட்டது விலகவில்லை. மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. கண்ணெதிரே, பட்டப்பகலில், ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

இந்த இடத்தில்தான் உங்கள் புத்தி வேலை செய்ய வேண்டும். ஸ்லைடில் பார்த்ததை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது. கிருமித் தொற்றிலும் இப்படி ஒட்டும். அடுத்த பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்ப வேண்டும். அதே சமயம், அந்த அம்மா கேட்ட ஒரே சொல்லை நான் சொல்லவும் முடியாது. குறை இல்லை என்றால் செல்வி பஸ் ஏறிவிடுவாள். குறை இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ரிப்போர்ட் வேலுச்சாமியுடையது, அவர் அம்மாவுடையது இல்லை. டாக்டரம்மா தியேட்டரில் இருந்தார். நான் வேலுச்சாமியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“சின்ன வயசுல அங்கன அடிகிடி பட்டிருக்கா? ஆபரேஷன் ஏதும்?”

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“கோடாங்கி உங்கள்ட்டயும் சொல்லிட்டாரா மேடம்?”

“எனக்கு எந்தக் கோடாங்கியையும் தெரியாது. சொல்லுங்க.”

பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பயல்கள் எல்லோருமே ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள்தானே. கோல் கீப்பராக நின்றிருக்கிறார். காலுக்கு இரவல் பேட் கிடைத்திருக்கிறது, மற்ற இடத்துக்கு ஒன்றும் இல்லை. பந்து அங்கே வந்து அடித்திருக்கிறது.

“வீங்கிப் போச்சு மேடம். வெளிய சொல்ல வெக்கம். காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன். அம்மாட்ட சொல்லல, கூட ஆடினவனுவள்ட்டயும் சொல்லல. கோடாங்கி உடுக்கை அடிக்கையில என் காதுகிட்டக் குனிஞ்சு, ‘வேலி உடைஞ்ச அன்னைக்குக் காய்ச்சல்னு பொய் சொன்னல்லா’ன்னாரு. அந்தச் சத்தத்துல அம்மாவுக்குக் கேக்கல.”

ஹாக்கி ஆடுகிற ஊரில் பாதிப் பேருக்கு எங்கேயாவது அடிபட்டிருக்கும், பட்ட எல்லோரும் வீட்டில் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கெட்டிக்காரக் கோடாங்கி, குருட்டாம்போக்கில் எறிந்தது பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன், பகலில்.

வேலுச்சாமி மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். “நார்மல்னே எழுதிக் குடுத்துருங்க மேடம். ஊருக்குள்ள தல காட்ட முடியாது.”

“அப்ப வெளிய பையோட உக்காந்திருக்க பிள்ளை?”

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸுக்கு லோடு எடுக்கப் போன இடத்தில் பார்த்து, ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்த பெண் என்று அவருடைய அம்மாவே டீக்கடையில் சொல்லியிருந்தார். நாலு அறை விட்டால் என்ன என்று இருந்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

“நான் எழுதப்போறது உள்ளதத்தான். அது உங்களுக்கு மட்டுந்தான், உங்க அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொல்லணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. அதுக்கு முன்னால இதப் பாருங்க.”

நோயாளிக்கு ஸ்லைடைக் காட்டுவது எங்கள் லேப்பில் வழக்கம் இல்லை. காட்டினேன். குனிந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“செத்துக் கெடக்கும்னு நெனச்சேன்,” என்றார். “உசுரோடல்லா இருக்கு.”

“உசுரோடதான் இருக்கு.”

“ஏன் விட மாட்டேங்கு?”

“அது உங்களோடதுன்னு உங்க உடம்புக்குத் தெரியல.”

அப்போது வெளியே பெஞ்ச் கிரீச்சிட்டது. “ஏட்டி, எந்திரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவன் பொறத்தால வருவான்,” என்று மாமியாரின் குரல். செருப்புகள் தேயும் சத்தம். செல்வி எழுந்துவிட்டாள் என்று தெரிந்தது. அவள் ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வேலுச்சாமி குனிந்தபடியே இருந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் வாய் அடங்காது, நான் சொல்லிவிடுவேன். வாசல்படி வரை போய்விட்ட செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேனே, அந்த நிமிஷம்தான் என் வேலைக்காலத்தில் மிக நீளமான நிமிஷம்.

“அம்மா!” என்று வேலுச்சாமி கத்தினார். கண்ணை எடுக்காமலே கத்தினார். “இங்கன வா. வந்து இதப் பாரு.”

“என்னத்தலே?”

“எனக்குள்ள இருக்கத வந்து பாரு.”

அந்த அம்மா வந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியவில்லை. சேலைத்தலைப்பால் மறைத்துக்கொண்டு குனிந்தார். செல்வி பையோடு கதவோரம் வந்து நின்றாள். ஜன்னல் வழியே தூசியும் வெயிலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

“ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டுல்லா நிக்கு,” என்றார். “கோடாங்கி சொன்னது இதுதான். நர்ஸம்மா, இது இவளால இல்லையா?”

நான் வேலுச்சாமியைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார், பந்து பட்டதையும் காய்ச்சல் என்று படுத்ததையும். அந்த அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு அழுதார். “காய்ச்சல்னுல்லாலே சொன்ன? கசாயம் போட்டுப் போட்டுக் குடுத்தேனேலே.”

மதுரைக்கு அனுப்பிப் பார்த்தால்தான் உறுதி, ஆனால் செல்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி, உடம்பு தன்னுடையதைத் தன்னுடையது என்று அறியாமல் போகிற விஷயத்தை எனக்குத் தெரிந்த எளிய பேச்சில் சொன்னேன். கதவோரத்திலிருந்து செல்வி பேசினாள்.

“அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. அந்த வீட்டுல எனக்கும் அப்படித்தான். கல்யாணம் ஆன நாள்லருந்து என்னையச் சாமிகிட்டக் கூட்டிட்டுப் போவல. ஒரு பிள்ளை உண்டாவட்டும், பொறவு பாப்போம்னுட்டாவ.”

எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணைக் குலசாமி முன்னால் நிறுத்திப் பொங்கல் வைத்தால்தான் அவள் அந்த வீட்டுக்காரி. ஆசைப்பட்டுக் கட்டிவந்தவள் என்கிற வீம்பில் அந்த அம்மா அதைத் தள்ளிப்போட்டிருந்தார். மைக்ரோஸ்கோப்பின் அடிக்கண்ணாடியிலிருந்து தெறித்த வெயில் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகச் செல்வியிடம் போய், அவள் கையிலிருந்த பையை வாங்கினார். செல்வி முதலில் விடவில்லை. அவர் விரல்களைப் பிரித்து வாங்க வேண்டியிருந்தது.

“எட்டயபுரம் வேண்டாம். நம்ம ஊரு பஸ்ஸப் பிடிப்போம். சாமிக்கு உன்னையத் தெரியாதுல்லா ஏட்டி. நாந்தான காட்டியிருக்கணும்.”

மதுரைப் பரிசோதனை ஆன்டிபாடிதான் என்று உறுதி செய்தது. அது இருந்தாலும் சிலருக்குத் தானாகவே குழந்தை நிற்பதுண்டு; இவர்களுக்கு நிற்கவில்லை. ஒரே ஒரு அணுவைப் பிரித்தெடுத்து ஊசி வழியாகக் கருமுட்டைக்குள் வைக்கிற முறைக்குப் போனார்கள். வாசல் வழியே போக முடியாததைச் சுவரேறிக் கொண்டுபோய் விடுகிற வேலை. முதல் முறை தங்கவில்லை, அப்புறம் தங்கியது. பெண் குழந்தை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செல்வி ஒருநாள் என்னைப் பார்க்க வந்தாள். அந்த ஆடியில் கோயிலுக்குப் போனீர்களா என்று கேட்டேன். கரிசல் காட்டு நடுவில், ஒற்றை உடைமரத்தடியில் இருக்கிற சாமி. அன்று நடந்ததை அவள் இப்படிச் சொன்னாள்:

“உச்சி வெயில்க்கா. பொங்கல் பொங்கினதும் அத்தை என்னைய முன்னால நிறுத்தி, என் பேரச் சொல்லி, ‘இவ நம்ம வீட்டுப் பிள்ளை, பாத்து வச்சுக்கிடும்’னு சத்தமாச் சொன்னாவ. அப்படியே காத்து நின்னு போச்சு. ஆடி மாசத்துல, ஒரு எலை அசையல. திரும்பிப் பாத்தா எங்க வீட்டுக்காரவ நின்ன எடத்துலயே ஆடுதாவ. காலு முன்னாலயும் போவல, பின்னாலயும் போவல, ஒடம்பு மட்டும் வெடவெடன்னு துடிக்கு. எல்லாரும் சாமி வந்துட்டுன்னாவ. எனக்கு அப்படித் தோணல. கண்ணு முழிச்சு, பயந்து போயி என்னையவே பாத்துக்கிட்டிருந்தாவ. யாரோ பிடிச்சு நிறுத்தின மாதிரி. நான் போயி கையப் பிடிச்சு இழுத்தேன். மொதல்ல வரல. நல்லா இழுத்தேன். வந்துட்டாவ. பொறவுதான் காத்து வீசிச்சு.”

செல்வி அன்றைக்கு லேப்பில் கதவோரம்தான் நின்றாள். மைக்ரோஸ்கோப்பில் அவள் பார்க்கவே இல்லை. அந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. நான் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கோடாங்கியை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு. போகவில்லை. என் காதருகே குனிந்து என்ன சொல்வாரோ என்கிற பயம்தான்.

நீங்கள் கோடாங்கியை நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்பாதீர்கள். மெஷினையும் முழுசாக நம்பாதீர்கள். ‘எத்தனை’ என்று அது சொல்லும். ‘என்ன செய்கின்றன’ என்று குனிந்து பாருங்கள். நார்மல் என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை வெளியே எட்டி, பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

நான் ஓய்வு பெறுகிற வாரத்தில் வேலுச்சாமி மறுபடி வந்தார், இரண்டாவது குழந்தைக்காக. இந்தத் தடவை டப்பாவைச் சட்டைப்பையில் கொண்டுவரவில்லை. இங்கேயே கொடுத்தார், என் முகத்தைப் பார்த்தே கொடுத்தார். புது மெஷின் இருந்தும், நான் பழைய மைக்ரோஸ்கோப்பை ஜன்னலோரம் எடுத்து வைத்தேன்.

எதுவும் மாறியிருக்கவில்லை. முதலில் ஓடின, பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டு, நின்ற இடத்தில் துடித்தன. உள்ளே நிற்கிற காவலுக்கு அந்த வீட்டுப் பிள்ளையை இன்னும் அடையாளம் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் அந்தப் பிள்ளை தன் ஆச்சியின் மடியில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தது.